ஜாக்பாட்டு அறையை மூடிவிட்ட எங்கள் பட்டணத்து விளையாட்டு மன்றம்: மண்டபம், உணவகம், திடல் பற்றிய மதிப்பீடு

மலேசியாவின் கீழ்ப்பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறு பட்டணத்தில் நிச்சயதார்த்தம், காதணி விழா, பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு விசேஷத்துக்கு இடம் தேடுகிறவர்கள் கோயில் மண்டபத்தைக் கேட்பார்கள். அது கிடைக்காவிட்டால் சீனர் சங்க மண்டபத்தைக் கேட்பார்கள். அதுவும் இல்லையென்றால் தெலுக் இந்தானுக்கோ ஈப்போவுக்கோ போய்க் கூடுதல் வாடகை கொடுப்பார்கள். இப்போது திடலை ஒட்டியிருக்கும் விளையாட்டு மன்றமும் தன் மண்டபத்தையும், உணவகத்தையும், பூப்பந்துக் கூடத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அங்கே குடும்பத்தோடு போகலாமா, பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்பலாமா என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அக்கட்டடத்தின் பின்புறத்தில் கறுப்புக் கண்ணாடி ஒட்டிய கதவுக்குப் பின்னால் காசு போட்டுச் சூதாடும் ஜாக்பாட்டு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மன்றம் என்று சொன்னாலே ஊரார் நினைத்துக்கொண்டது அந்த அறையைத்தான். மன்றத்தின் செயலவை அந்த மிஷின்களை எடுத்துவிட்டது. உரிமம் பறிபோய் எடுக்கவில்லை, யாரும் வற்புறுத்தியும் எடுக்கவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு உறுப்பினர்களே வாக்களித்து எடுத்தார்கள். அந்த வருமானம் போன பிறகு மன்றம் எப்படி நடக்கிறது, நம்முடைய பணத்துக்கு என்ன தருகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உணவகம், ஏனென்றால் பெரும்பாலோர் மன்றத்துக்குள் கால் வைப்பது அதன் வழியாகத்தான். திங்கட்கிழமை தவிர மற்ற நாள்களில் காலை 7 மணிக்குத் திறந்து இரவு 9.30 வரை நடக்கிறது. முன்பு தோட்டத்தில் வேலை செய்து, பிறகு சாலையோரத்தில் ஒட்டுக்கடை வைத்திருந்த ஓர் அம்மையார் அதை ஏற்று நடத்துகிறார். ஊரே அவரை அக்கா என்றுதான் அழைக்கிறது. காலையில் தோசை, இட்லி, வாழையிலையில் மடித்த நாசி லெமாக் ஆகியவை கிடைக்கும். மதியச் சாப்பாடு 9 வெள்ளி (ரிங்கிட்): சோறு, ஒரு மீன் துண்டு அல்லது கோழிப் பெரட்டல், இரண்டு காய், இரசம், அப்பளம். கெம்போங் மீன் கறியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். புளியை அளவாகக் கரைத்து, வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் குழையவிடாமல் போட்டு, தாளிப்பில் வெந்தயம் கசக்காமல் பார்த்து இறக்குகிறார். மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கோழிப் பெரட்டலில் எண்ணெய் சற்று அதிகம். தே தாரிக் சுமார்தான். சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னால் குறைத்துத் தருகிறார்கள் என்பது நீரிழிவு உள்ளவர்களுக்குப் பயன்படும் செய்தி.

இந்த உணவகத்தில் பன்றி இறைச்சியும் மதுவும் இல்லை. மது விற்பனையை நிறுத்தியதில் சில மூத்த உறுப்பினர்களுக்கு வருத்தம் உண்டு. மாலையில் வேலை முடிந்து இரண்டு பாட்டில் பீரோடு பேசிக்கொண்டிருப்பது அவர்களுடைய நெடுநாள் பழக்கம், அதை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் இப்போது சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்: பயிற்சிக்கு வரும் மலாய்ப் பிள்ளைகளின் பெற்றோர் அதே மேசைகளில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்கள். முஸ்லிம்களுக்குச் சூதாட்டம் சமயத்தாலும் சட்டத்தாலும் தடுக்கப்பட்டது. மிஷின் அறை இருந்த காலத்தில் ஒரு மலாய்த் தகப்பனார் தம் மகனை இக்கட்டடத்துக்குள் அனுப்பியிருக்கவே மாட்டார். திடலில் ஒன்றாக விளையாடிய பிள்ளைகள் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது பிரிந்து போனார்கள். இன்று அப்படி இல்லை. ஒரு சிறு பட்டணத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மண்டபத்துக்கு வருகிறேன். நூற்றைம்பது பேர் வரை தாராளமாக உட்காரலாம்; இருநூறு பேர் என்றால் நெருக்கடியாக இருக்கும். அரை நாளுக்கு 500 வெள்ளி, முன்பணம் 200 வெள்ளி; மேசை நாற்காலியும் அதில் அடக்கம். வெளியிலிருந்து சமையல் கொண்டுவர அனுமதிக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கோயில் மண்டபத்தில் அசைவம் பரிமாற முடியாது என்பதால், காது குத்துக்கு ஆட்டுக்கறி போட்டே தீர வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. என் உறவினர் ஒருவரின் பேத்தியுடைய காதணி விழாவை இங்கே நடத்தியபோது, இடையில் மழை பிடித்துக்கொண்டது. கூரை எங்கும் ஒழுகவில்லை, ஆனால் வண்டி நிறுத்தும் இடம் முழுவதும் செம்மண் சேறாகிவிட்டது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் பலகை மேல் நடந்து வந்ததைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கல் கொட்டிச் சமப்படுத்தினால் போதும். பெரிய செலவு அல்ல. ஒலிபெருக்கி பழையது, நாதசுரத்தின் மேல் சுரங்களில் இரைகிறது. காற்றாடிகளில் இரண்டு வேலை செய்யவில்லை. கழிப்பறையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும்: விசேஷம் தொடங்கும்போது சுத்தமாக இருக்கிறது, முடியும்போது இல்லை, நடுவில் கழுவுவதற்கு ஆள் இல்லை. முன்பதிவுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால் பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். நேரில் போய்ப் பொருளாளரைப் பார்ப்பதே நல்லது. மாலை ஐந்துக்கு மேல் அவர் அங்கே இருப்பார்.

அந்தப் பொருளாளரிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கைப் பேசும்போது குரல் தாழ்த்திப் பேசுவார். "மிஷின் இருந்தப்ப நாங்க உறுப்பினரைத் தேடினதே இல்லைங்க ஐயா. சந்தா கட்டினா கட்டட்டும், கட்டாட்டி போகட்டும். மாசா மாசம் காசு வந்துடும்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு ஆளோட முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கு" என்றார். இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். மிஷினால் வாழும் மன்றத்துக்கு விளையாடுபவன் தேவையில்லை, மண்டபம் கேட்டு வருபவர் தேவையில்லை, உணவகத்தில் மீன் கறி நன்றாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. நாம் நல்ல சேவை கேட்கத் தகுதியுடையவர்களாக ஆனது அந்த அறை மூடப்பட்ட பிறகுதான். கழிப்பறையைப் பற்றி நான் புகார் சொன்னால் இன்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்; முன்பு கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த மிஷின்கள் எப்படிப் பணம் ஈட்டின என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மன்றம் எதைக் கைவிட்டது என்பது விளங்கும். போட்ட பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு திரும்பக் கொடுக்கும் மிஷின் என்று கேட்டால் நல்ல மிஷினாகத்தான் தோன்றும். நூறு வெள்ளி கொண்டுபோனால் பத்து வெள்ளிதானே போகும், ஒரு சினிமாவுக்குச் செலவழித்ததாக நினைத்துக்கொள்ளலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. கணக்கு அப்படி நடப்பதில்லை. அந்தப் பத்து விழுக்காடு கொண்டுபோன பணத்தில் ஒருமுறை கழிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கழிகிறது. ஒருவர் 50 வெள்ளியோடு உட்கார்ந்து சுற்றுக்கு ஒரு வெள்ளி வீதம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 50 வெள்ளியும் ஒருமுறை மிஷினுக்குள் போய் வந்தால் சராசரியாக 45 மிஞ்சும். அதையே மீண்டும் ஆடினால் 40 வெள்ளி 50 சென். பத்து முறை இப்படிப் போய் வந்தால் ஏறக்குறைய 17 வெள்ளிதான் மிஞ்சும். ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி என்றால் இவ்வளவும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடையிடையே விளக்கு எரிந்து, மணி அடித்து, ஒரு வெள்ளி போட்டவருக்கு 40 சென் திரும்பக் கிடைப்பதையும் வெற்றியைப் போலவே கொண்டாடும் வகையில் மிஷின் அமைக்கப்பட்டிருக்கிறது. மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது மயிரிழையில் தவறுவதைப் பார்க்கும்போது, இன்னும் ஒருமுறை ஆடினால் கிடைத்துவிடும் என்ற எண்ணம் எழும். உண்மையில் அடுத்த சுற்றுக்கும் முந்தைய சுற்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி இருக்கும் நாட்டில், சம்பளம் போட்ட வாரத்தில் அந்த அறைக்கு வெளியே நின்ற மோட்டார் சைக்கிள்களின் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள். பின்னால் கூடை கட்டியவை, சக்கரத்தில் செம்மண் காயாதவை.

இந்த வருமானத்தை விடுவது முடியாத காரியம் என்று பொதுக்கூட்டத்தில் பேசியவர்கள் இருந்தார்கள். உலகில் வேறு இடங்களில் விட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில் அந்நாட்டு வகைக் காற்பந்து ஆடும் கழகங்கள் பல, விக்டோரியா மாநிலத்தில் 1990-களின் தொடக்கத்தில் மிஷின்கள் வந்ததிலிருந்து, புறநகர்களில் மிஷின் கூடங்களை நடத்தி அந்தப் பணத்தில் வளர்ந்தவை. அந்நாட்டு அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010 இல் வெளியிட்ட அறிக்கை, மிஷின்களில் செலவாகும் பணத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு சூதாட்டத்தால் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து வருகிறது என்று மதிப்பிட்டது. அதாவது கழகத்தின் சட்டை, பேருந்து, பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றிலும் கணிசமான பங்கு, கழகத்துக்கு மிக அருகில் வாழ்ந்து மிகவும் நொந்துபோனவர்களுடைய பணம். அவற்றுள் முதலில் மிஷினை விட்டது நார்த் மெல்பர்ன் கழகம், 2008 இல். பணக்காரக் கழகம் என்பதால் விட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில்தான், கோல்டு கோஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தால் பெருந்தொகை தருகிறோம் என்ற, போட்டிகளை நடத்தும் லீக் சங்கத்தின் அழைப்பை மறுத்துவிட்டு, கடனோடு தன் பழைய திடலிலேயே தங்கியது. அங்கேயே 2010 இல், புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் விளையாட்டிலும் துணை செய்யும் ஒரு மையத்தைத் தொடங்கியது. நார்த் மெல்பர்ன் மிஷினை விட்டுப் பத்தாண்டு கழித்து, 2018 இல், காலிங்வுட், மெல்பர்ன் ஆகிய பெரிய கழகங்களும் மிஷின்களிலிருந்து விலகும் முடிவை அறிவித்தன. ஹாதோர்ன் 2022 இல் அறிவித்தது. எல்லாக் கழகங்களும் அந்த வழிக்கு வந்துவிடவில்லை. அதே நாட்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் சூதாட்ட விடுதி ஒன்றைத் தவிர வேறெங்கும் இந்த மிஷின்களுக்கு அனுமதியே இல்லை; அங்கேயும் இரண்டு பெரிய காற்பந்துக் கழகங்கள் நன்றாகத்தான் நடக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன், சிங்கப்பூரையே பார்க்கலாம். 2017 இல் தியோங் பாரு காற்பந்துக் கழகத்தின் ஜாக்பாட்டு அறை ஓராண்டில் 36.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி ஈட்டியதாகச் செய்தி வந்தபோது, அது தொழில்முறை லீக்கில்கூட ஆடாத அமெச்சூர் கழகம் என்பதை அறிந்து பலர் திகைத்தார்கள். அவ்வாண்டே அரசாங்கம் கிளப் மிஷின்களுக்கான விதிகளை இறுக்குவதாக அறிவித்தது; அறைக்குள் நுழையும் வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்துவதும் அதில் அடக்கம். நார்வே இன்னும் கடுமையாக நடந்தது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளுக்கே மிஷின் வருமானம் போய்க்கொண்டிருந்த அந்நாட்டில், முதலில் 2006 இல் நோட்டு வாங்கும் துளையை அடைத்தார்கள். 2007 ஜூலை முதல் தேதியோடு எல்லாத் தனியார் மிஷின்களையும் நிறுத்தினார்கள். நல்ல காரியத்துக்குத்தானே பணம் போகிறது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

நம் நாட்டிலும் விளையாட்டுக்கும் சூதாட்டப் பணத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. ஸ்போர்ட்ஸ் டோட்டோவை 1969 இல் அரசாங்கமே தொடங்கியது. விளையாட்டுக்கும் இளைஞர் நடவடிக்கைகளுக்கும் நிதி திரட்டுவது அதன் நோக்கமாக இருந்தது. 1985 இல் அது தனியார்மயமானது. பட்டணத்து நம்பர் கடையில் மாலை நேரத்தில் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் பெயரில் விளையாட்டு ஏன் இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. அதனால்தான் எங்கள் மன்றம் செய்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. சூதாட்டப் பணத்தில் பந்து வாங்குவது இந்த நாட்டில் யாருக்கும் உறுத்தாத பழக்கமாக இருந்தபோது, உறுத்தியது என்று சிலர் எழுந்து சொன்னார்கள்.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். அதை மறைத்து எழுதினால் இந்த மதிப்பீடு நேர்மையானதாகாது. பெரியவர்களின் காற்பந்துக் குழு ஒரு பருவம் லீக்கில் ஆடவில்லை. பேருந்துக்கும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் படித்தொகைக்கும் பணம் இல்லை. திடல் விளக்குகள் முன்பு வாரம் முழுவதும் எரிந்தன, இப்போது செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே, அதுவும் இரவு 9 மணி வரை. வேலை முடிந்து வரும் இளைஞர்களுக்கு இது பெரிய குறை. திடலின் வடக்குக் கோல் பக்கத்தில் புல் போய்த் தரை தெரிகிறது. மிஷின் இருந்த காலத்தில் எல்லாம் பசுமையாக இருந்தது என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பசுமையான திடலில் ஆடியவர்களில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து காசு கொடுத்து அழைத்துவரப்பட்டவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

இன்று சனிக்கிழமை காலைப் பயிற்சியில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் திடல் நிறைய இருக்கிறார்கள். மாதம் 20 வெள்ளி. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாதி. பயிற்சியாளர் இருவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், நிதானமானவர், கத்துவதில்லை. பந்தைத் தடுத்து நிறுத்தும் பயிற்சிக்கு மட்டுமே முழுக் காலையையும் செலவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள், ஆனால் அடுத்த வாரத்தில் அவர்கள் கால்களில் மாற்றம் தெரிந்தது. பெண் பிள்ளைகளும் சிலர் வருகிறார்கள். அவர்கள் உடை மாற்ற ஒழுங்கான அறை இல்லை என்பதை மன்றம் உடனே கவனிக்க வேண்டும்.

பயிற்சியில் இன்னொரு விதி வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த விதி அது. இங்கிலாந்துக் கழகங்களின் பெயரில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் சட்டைகளில் பலவற்றின் நெஞ்சுப் பகுதியில் இணையச் சூதாட்ட நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும்; எட்டு வயதுப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது, பெற்றோருக்கு அது என்ன என்றே தெரியாது. இங்கிலாந்து பிரீமியர் லீக் கழகங்களே 2023 ஏப்ரலில் கூடி, 2025–26 பருவம் முடிவதற்குள் சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்டப் பெயர்களை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டன. எங்கள் மன்றத்தில் அச்சட்டைகளைப் பயிற்சிக்குப் போட்டு வரக்கூடாது. அதற்குப் பதிலாக மன்றத்தின் சொந்தச் சட்டையை 25 வெள்ளிக்குத் தருகிறார்கள். முதுகில் பிள்ளையின் பெயர், முன்பக்கத்தில் பட்டணத்து மளிகைக் கடையின் பெயர். துணி கொஞ்சம் தடிமன், வெயிலில் வேர்க்கும். ஆனால் இரண்டு ஆண்டு தாங்கும் என்று தோன்றுகிறது. இந்த விதியை எதிர்த்த ஒரு தகப்பனாரிடம் பயிற்சியாளர் பொறுமையாக, "அறையில இருந்த மிஷினை எடுத்துட்டு, பிள்ளைங்க நெஞ்சில மாட்டி விட முடியுமாண்ணே?" என்று கேட்டதை நான் அருகில் இருந்து கேட்டேன். கைப்பேசியில் சூதாடுவது இன்று மிஷின் அறைக்குப் போவதைவிட எளிது என்பதால், மன்றத்தின் வேலை மிஷின்களை எடுத்ததோடு முடிந்துவிடவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

மிஷின்கள் இருந்த அறையைப் போய்ப் பார்க்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சாதாரணக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மாலை வெயில் உள்ளே விழுகிறது. தரை விரிப்பை உரித்த இடத்தில் பசையின் கோடுகள் சிமெண்டில் இன்னும் தெரிகின்றன, மிஷின்கள் திருகப்பட்டிருந்த துளைகளும் அடைபடாமல் இருக்கின்றன. அவற்றின் மேல் இப்போது நீளமான மேசைகளும், ஒரு மேசைப்பந்துப் பலகையும், இரண்டு புத்தக அலமாரிகளும் இருக்கின்றன. செவ்வாய், வியாழன் மாலைகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கணக்கும் மலாய் மொழியும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து உதவுகிறார்கள். கட்டணம் இல்லை. புத்தக அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் பழைய பயிற்சி நூல்கள், பலவற்றில் விடைகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. கதைப் புத்தகங்கள் வேண்டும். வீட்டில் நல்ல நிலையில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் வைத்திருப்பவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

பூப்பந்துக் கூடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு ஆடுகளம், மணிக்கு 8 வெள்ளி, விளக்கு நன்றாக இருக்கிறது, தரை வழுக்குவதில்லை. வார இறுதியில் இடம் கிடைப்பது கடினம்.

கணக்கு விஷயத்தில் மன்றத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். உணவகத்துக்குப் போகும் வழியில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு மாதமும் வரவு செலவை ஒட்டுகிறார்கள்: மண்டப வாடகை இவ்வளவு, உணவகத்திலிருந்து வந்த வாடகை இவ்வளவு, மின்கட்டணம் இவ்வளவு, பந்து வாங்கியது இவ்வளவு என்று கையெழுத்திலேயே எழுதியிருக்கும். 1997 ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற விளையாட்டு அமைப்புகளுக்கு ஆண்டுக் கணக்கு காட்டும் கடமை உண்டு. மாதாமாதம் வழிப்போக்கருக்கும் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மிஷின் காலத்துக் கணக்கைப் பெரும்பாலான உறுப்பினர்கள் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது சில மாதங்களில் வரவைவிடச் செலவு அதிகமாக இருப்பதையும் அப்படியே எழுதி ஒட்டுகிறார்கள். மீதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு தோட்டக் கூட்டுறவுக் கடை கொடுத்த நன்கொடை, ஒரு பழைய ஆட்டக்காரர் தம் ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து கொடுத்தது, துர்கா பூசை சமயத்தில் பெண்கள் பலகாரம் விற்றுச் சேர்த்தது என்று இருக்கிறது.

ஆக, சிறிய, நடுத்தர விசேஷங்களுக்கு மண்டபத்தை எடுக்கலாம். நாதசுரம் வைப்பவர்கள் சொந்த ஒலிபெருக்கி கொண்டுபோவது நல்லது. மழைக்காலமாக இருந்தால் வண்டிகளைத் திடலின் மேற்குப் பக்கச் சாலையோரம் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். உணவகத்துக்கு மதியம் 12 மணிக்கே போய்விடுங்கள். குடும்பத்தோடு போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகப் போகலாம் என்பது. தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளும் டிசம்பர் பள்ளி விடுமுறையும் முன்கூட்டியே நிரம்பிவிடுகின்றன.

செயலவைக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு 60 வெள்ளி, அதை ஜனவரியில் ஒரே தடவையாகக் கட்டச் சொல்கிறார்கள். பள்ளி தொடங்கும் சமயத்தில் சீருடைக்கும் காலணிக்கும் பணம் போன பிறகு, தோட்டத்து வீடுகளில் அந்த 60 வெள்ளி எழுவது சிரமம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தலைமையில் 1960 இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். மாதம் ஐந்து வெள்ளி கட்டி ஒரு விளையாட்டு மன்றத்தை நடத்த அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் முடியும். உணவகத்துக் கல்லாவிலேயே ஒரு சந்தாப் புத்தகம் வைத்து மாதாமாதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும் பணத்தில் முதலில் பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்றும் அறையைக் கட்டுங்கள். வண்டி நிறுத்துமிடத்துக்குக் கல் கொட்டுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.